“இரண்டு மைனஸ் சேர்ந்தால் பிளஸ்” என்ற வரியைத் திருத்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில், ஏழாம் வகுப்புக் கணக்குக்கு நினைவுக் குறிப்பு என்று கட்டம் கட்டி நான்கு வரி வந்திருந்தது. முதல் வரி இது: “இரண்டு மைனஸ் சேர்ந்தால் பிளஸ்.” அந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். அடுத்த இதழிலேயே அதைத் திருத்திப் போட வேண்டும். எதற்காக இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

குடியாத்தத்தில் நெசவாளர்களுக்கு நூல் கொடுத்து லுங்கி வாங்கும் ஒரு முதலாளியிடம் கணக்கு எழுதுகிறேன். படித்தது பி.காம். 2021-இல் அரசு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியபோது எங்கள் தெருவில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த காலத்தில் படித்ததை மறந்துபோன பிள்ளைகளுக்காக வந்த திட்டம் அது. அப்போது ஏற்பட்ட பழக்கம் இன்னும் விடவில்லை. சாயங்காலம் ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆறாவது முதல் ஒன்பதாவது வரை படிக்கிற பிள்ளைகள் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். அவர்களுடைய பெற்றோர் தறியிலும் பீடி வேலையிலும் தீப்பெட்டி வேலையிலும் இருப்பவர்கள். வீட்டில் பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. பள்ளியில் சொல்வதும் செய்தித்தாளில் வருவதும்தான் அவர்களுக்கு வேதவாக்கு. அதனால்தான் நீங்கள் அச்சடித்த வரி எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதுவரை கணக்கில் நன்றாக இருந்த பிள்ளைகூட ஏழாம் வகுப்பில் முழுக்கள் (மிகை, குறை, பூச்சியம் எல்லாம் சேர்ந்த முழு எண்கள்) பாடம் வந்ததும் தடுமாறுகிறது. −3 − 5 எவ்வளவு என்று கேளுங்கள். பாதிப் பேர் 8 என்று எழுதுவார்கள். ஏன் என்று கேட்டால் ஒரு பையன் சொன்ன பதில்: “இன்னாக்கா, ரெண்டு மைனஸ் இருக்குதே, பிளஸ்தானே வரும்?” அவன் கவனக்குறைவாக எழுதவில்லை. சொல்லிக்கொடுத்த சூத்திரத்துக்கு அப்படியே கீழ்ப்படிந்திருக்கிறான். சூத்திரம் அவனை ஏமாற்றிவிட்டது. அதே பையனிடம், “உங்க அம்மா மளிகைக் கடையில 3 ரூபாய் பாக்கி. இன்னைக்கு மறுபடியும் 5 ரூபாய்க்குக் கடன் சொல்லிட்டு வந்தாங்க. இப்ப கணக்கு என்ன?” என்று கேட்டேன். “8 ரூபாய் பாக்கி” என்று கண்ணிமைக்காமல் சொன்னான். விடை −8 என்று அவனுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்ததை மறக்கடித்தது அந்த வரி.

அந்த வரி எந்தச் செயலைப் பற்றிப் பேசுகிறது என்று சொல்லவே இல்லை. இரண்டு குறை எண்களைப் பெருக்கினால் மிகை எண் வரும், வகுத்தாலும் வரும். இது சரி. ஒரு குறை எண்ணைக் கழித்தால் அது கூட்டுவதற்குச் சமம். இதுவும் சரி. ஆனால் இரண்டு குறை எண்களைக் கூட்டினால் இன்னும் பெரிய குறைதான் வரும். இப்படி மூன்று வெவ்வேறு விஷயங்களை ஒரே வரிக்குள் அடைத்ததால்தான் இந்தக் குழப்பம். பிள்ளை தாளில் இரண்டு கோடுகளைக் கண்டதும் நிமிர்த்திக் கூட்டல் குறியாக்கிவிடுகிறது.

சரி, அப்படியானால் எப்படிச் சொல்வது? எனக்குத் தெரிந்த வழி நான் தினமும் எழுதுகிற கணக்குப் புத்தகம்தான்.

நெசவாளர் ஒருவர் முதலாளியிடம் முன்பணம் 5,000 ரூபாய் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் கணக்கு −5,000. ஒரு வாரம் கூலி 1,200 வந்தது, அதை முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொன்னார். −5,000 + 1,200 = −3,800. இதில் பிள்ளைகளுக்குச் சிரமமே இல்லை. இனிமேல்தான் முக்கியமான இடம். தீபாவளிக்கு முதலாளி, “உன் கடனில் 2,000 ரூபாயைத் தள்ளிவிட்டேன்” என்கிறார். கையில் ஒரு ரூபாய்கூட வரவில்லை. ஆனால் ஒரு கடன் கழிந்திருக்கிறது. −3,800 − (−2,000) = −1,800. கடனைக் கழிப்பது கையில் காசு வந்ததற்குச் சமம் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்தத் தள்ளுபடிக்காக வீட்டில் எப்படிக் காத்திருப்பார்கள் என்று அவர்கள் பார்த்தே வளர்ந்தவர்கள். கழித்தல் என்ற செயலைக் காட்டும் கோடு ஒன்று, கடன் என்று சொல்லும் கோடு மற்றொன்று. பார்ப்பதற்கு இரண்டும் ஒரே மாதிரி இருந்தாலும் வேலை வேறு. இதைப் பிரித்துக் காட்டிய பிறகு −3 − 5 என்பதில் தவறு பெருமளவு குறைந்துவிட்டது. அங்கே இருப்பது 3 ரூபாய்க் கடன், அதிலிருந்து கையில் இல்லாத 5 ரூபாயை எடுக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

பெருக்கல் இதைவிடக் கடினம். குறையைக் குறையால் பெருக்குவது என்றால் என்ன என்று கேட்கிற பிள்ளைக்கு, “அது விதி, எழுதிக்கோ” என்று சொல்லிவிடுகிறோம். அதற்கும் கணக்குப் புத்தகத்தில் இடம் உண்டு. ஒருவருடைய சேமிப்பில் வாரத்துக்கு 200 ரூபாய் குறைந்துகொண்டே வருகிறது. வாரக் கணக்கு −200. இன்னும் 3 வாரம் போனால் இன்றைய நிலையைவிட 3 × (−200), அதாவது 600 ரூபாய் குறைவாக இருக்கும். 3 வாரத்துக்கு முன்னால்? பின்னோக்கிப் போவதால் −3. வாரந்தோறும் குறைந்துகொண்டு வந்த பணம் அன்றைக்கு இன்றையதைவிட 600 ரூபாய் அதிகமாகத்தானே இருந்திருக்கும்? (−3) × (−200) = +600.

ஆனால் கணக்குப் புத்தகத்தோடு நிறுத்திவிடக் கூடாது என்பது என் கருத்து. காசும் கடனும் புரிய வைக்கும், நிரூபிக்காது. எட்டாவது போகிற பிள்ளைக்கு உண்மையான காரணத்தையும் காட்ட வேண்டும். அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. கரும்பலகையில் இப்படி எழுதுங்கள்:

3 × (−4) = −12
2 × (−4) = −8
1 × (−4) = −4
0 × (−4) = 0

ஒவ்வொரு வரியிலும் விடை 4 கூடுகிறது. அடுத்த வரி (−1) × (−4). இங்கே −4 என்று எழுதினால் இவ்வளவு நேரம் ஏறிக்கொண்டு வந்தது திடீரென்று இறங்கிவிடும். பிள்ளைகளே அதைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள், 4 என்று எழுதிவிடுவார்கள். அப்புறம் அதையே முறையாகச் சொல்லலாம். 4-ம் −4-ம் கூட்டினால் பூச்சியம். பூச்சியத்தை எதனால் பெருக்கினாலும் பூச்சியம். ஆகவே (−1) × (4 + (−4)) பூச்சியமாகத்தான் இருக்க வேண்டும். பங்கீட்டுப் பண்பின்படி இதைப் பிரித்தால் (−1) × 4 ஒரு துண்டு, (−1) × (−4) இன்னொரு துண்டு. முதல் துண்டு −4. இரண்டும் சேர்ந்து பூச்சியம் ஆக வேண்டுமென்றால் இரண்டாவது துண்டு +4 தவிர வேறு எதுவாகவும் இருக்க முடியாது. ஆறாவதிலிருந்து கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் எந்தச் சட்டத்தை வைத்திருக்கிறோமோ அதே சட்டம் புதிய எண்களுக்கும் பொருந்த வேண்டும் என்று நாம் பிடிவாதம் பிடிக்கிறோம். அந்தப் பிடிவாதத்தின் விளைவுதான் இந்த விதி. இதைப் புரிந்துகொண்ட ஒரு பெண் பிள்ளை, “அப்ப இதை யாரும் சும்மா சொல்லிட்டுப் போகல, வேற வழியில்லாம வருது” என்றாள். அவள் சொன்னதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியவில்லை.

பெரியவர்களுக்கே இது எளிதாக வரவில்லை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்கிறேன். அது அவர்களுக்குத் தைரியம் கொடுக்கிறது. நம் நாட்டுக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் 628-ஆம் ஆண்டில் தம் சமஸ்கிருத நூலில் இந்த எண்களைச் செல்வம் என்றும் கடன் என்றும் சொல்லித்தான் விதிகளை எழுதினார். கடனும் கடனும் பெருக்கினால் செல்வம், பூச்சியத்திலிருந்து கடனைக் கழித்தால் செல்வம் என்று அதிலே இருக்கிறது. அவருக்கும் முந்திய காலத்தில் சீனர்கள் மிகைக்குச் சிவப்புக் குச்சியும் குறைக்குக் கறுப்புக் குச்சியும் வைத்துக் கணக்குப் போட்டார்கள். பிரம்மகுப்தருக்கு ஆயிரத்து நூறு ஆண்டுக்கும் மேல் கழித்து, 1758-இல் லண்டனில் ஃபிரான்சிஸ் மசேரஸ் என்பவர் கணிதத்தில் குறை எண்களே வேண்டாம், அவை குழப்பத்தைத்தான் உண்டாக்குகின்றன என்று வாதாடி ஒரு புத்தகம் எழுதினார். படித்தவர், கணிதம் தெரிந்தவர். அவருக்கே அப்படித் தோன்றியது. குடியாத்தத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு ஒரே வாரத்தில் புரிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது எந்த வகையில் நியாயம்?

அடுத்த தடுமாற்றம் எது பெரியது, எது சிறியது என்பதில். −7 பெரியதா, −3 பெரியதா? 7 பெரிய எண் என்பதால் −7 என்பார்கள். வழக்கமாகச் சொல்லப்படும் உதாரணங்கள் காஷ்மீர்க் குளிரும் கடல் மட்டத்துக்குக் கீழே போகிற நீர்மூழ்கிக் கப்பலும். தவறில்லை. ஆனால் வேலூர்ப் பக்கத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதைத்தான் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். கடலையும் பாதிப் பேர் பார்த்ததில்லை. நம்ம ஊரிலேயே குறை எண்கள் இருக்கின்றன. போலியோ சொட்டு மருந்தை நீண்ட நாள் வைத்திருக்க −20 டிகிரி வேண்டும். தம்பி தங்கைக்குச் சொட்டு மருந்து போடக் கூட்டிக்கொண்டு போன பிள்ளைகள்தான் இவர்கள் எல்லோரும். அந்த மருந்துப் பெட்டியின் வெப்பநிலை −20-இலிருந்து −5-க்கு வந்துவிட்டால் கூடியதா குறைந்ததா என்று கேட்டால் யோசித்துச் சரியாகச் சொல்கிறார்கள்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. ஜவ்வாது மலையில் காவலூர். இப்போது திருப்பத்தூர் மாவட்டம், முன்பு எல்லாமே வடாற்காடுதான். அங்கே வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது, 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் பயன்பாட்டுக்கு வந்தது. விண்மீன்களின் ஒளியை அளக்க வானியலார் ஓர் எண் வைத்திருக்கிறார்கள். எண் குறையக் குறைய ஒளி அதிகம். வெறும் கண்ணுக்குக் கடைசியாகத் தெரிகிற மங்கலான விண்மீன் 6 அளவில் இருக்கும். இரவு வானத்திலேயே பிரகாசமான விண்மீனான சிரியஸ் −1.46. வெள்ளிக்கோள் −4 அளவுக்கு வரும். பௌர்ணமி நிலா −12.7 அளவு. சிரியஸ், வெள்ளி, நிலா மூன்றையும் மாடியில் நின்று காட்டலாம், செலவே கிடையாது. −4 என்பது −1.46-ஐ விடச் சிறிய எண், ஆனால் வெள்ளிதான் அதிகம் ஒளிர்கிறது என்று பார்த்த பிள்ளைக்கு எண்கோட்டில் இடது பக்கம் போகப் போக எண் சிறியதாகிறது என்பது மறக்காது. (1988-இல் அதே காவலூரில் கண்டுபிடித்த 4130 என்ற எண்ணுள்ள சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இதையும் உங்கள் மாணவர் பக்கத்தில் போடலாம்.)

முழுக்களை விதி என்று மனப்பாடம் செய்தவர்கள் எட்டாம் வகுப்பில் விகிதமுறு எண்கள், அதாவது பின்னமாக எழுதக்கூடிய எண்கள், வரும்போது மொத்தமாக விழுகிறார்கள். ஏற்கெனவே பின்னம் என்றால் பயம். இப்போது பின்னத்துக்கு முன்னால் கோடு. −1/2, −1/3 இரண்டில் எது பெரியது என்றால், 1/2 பெரியது ஆகவே −1/2 என்பார்கள். எண்கோடு வரைந்து, பூச்சியத்துக்கு இடது பக்கம் ஒரு அடியை ஆறாகப் பிரித்து, −1/2 மூன்றாவது கோட்டில், −1/3 இரண்டாவது கோட்டில் என்று அவர்களே குறித்தால்தான் −1/3 வலது பக்கம் இருக்கிறது, அதுதான் பெரியது என்று ஒப்புக்கொள்கிறார்கள். அந்த இரண்டுக்கும் நடுவே இன்னொரு எண் இருக்கிறதா என்று கேட்டால் முதலில் இல்லை என்பார்கள். பன்னிரண்டாகப் பிரித்தால் −6/12, −4/12, நடுவில் −5/12. இன்னும் பிரித்தால் இன்னும் வரும். முடிவே இல்லை. 3-க்கும் 4-க்கும் நடுவே வேறு முழு எண் கிடையாது என்று பழகியவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி, நல்ல அதிர்ச்சி.

பின்னத்தில் நம் முன்னோர் கெட்டிக்காரர்கள் என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்வதே இல்லை. அரை, கால், முக்கால் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. அரைக்கால் 1/8, மாகாணி 1/16, மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. என் பாட்டி பள்ளிக்கூடமே போகாதவர், அரைக்கால், வீசம் (மாகாணிக்கு இன்னொரு பெயர்) வரை வாயாலேயே கூட்டிச் சொல்வார். மாவும் காணியும் கூட்டினால் மாகாணி; 1/20 + 1/80 எவ்வளவு என்று எட்டாம் வகுப்பில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், 4/80 + 1/80 = 5/80 = 1/16 என்று சரியாக வரும். இப்படிப் போட்டுக்கொண்டே இருக்கும்போது ஒரு பிள்ளை, “மூணில் ஒரு பங்குக்கு என்ன பேரு?” என்று கேட்டது. இந்த வரிசையில் பேரே கிடையாது. காரணம் தேடினால் அதுவே ஒரு பாடம். 320 என்பது 2-ஐயும் 5-ஐயும் மட்டுமே பெருக்கி வந்த எண். 16, 20, 80 எல்லாமே அப்படித்தான். 106 முந்திரி 1/3-க்குக் கொஞ்சம் குறைவு, 107 முந்திரி கொஞ்சம் அதிகம். முந்திரியை மறுபடியும் 320 கூறாக்கிக் கீழ்முந்திரி என்றார்கள், அதாவது 1/1,02,400. அதிலும் 2-ம் 5-ம்தான் இருக்கின்றன, ஆகவே அதிலும் 1/3 சரியாக அகப்படாது. இன்றைய தசம முறையில் 1/3 = 0.333... என்று முடிவில்லாமல் போவதற்கும் இதே காரணம்தான். 10 என்பதும் 2-ம் 5-ம் பெருக்கியது. சுருக்கிய பின்னத்தின் பகுதியில், அதாவது கீழே உள்ள எண்ணில், 2, 5 தவிர வேறு பகா எண் ஒன்று நின்றுவிட்டால் தசமம் முடியாது. ஒன்பதாம் வகுப்பில் வரும் விஷயம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முந்திரியிலிருந்து தாங்களாகவே போய்ச் சேர்ந்தார்கள். அன்றைக்கு வகுப்பு முடிய வெகு நேரம் ஆகிவிட்டது. யாரும் எழுந்து போகவில்லை.

பையன்களை இழுக்கக் கிரிக்கெட் இருக்கிறது. புள்ளிப்பட்டியலில் நிகர ரன் விகிதம் என்று −0.630 போல ஒன்று போடுகிறீர்கள். அது எப்படி வருகிறது என்று எந்தப் பையனுக்கும் தெரியாது, ஆனால் யாருக்கு எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு அணி 20 ஓவரில் 142 அடித்தது. எதிரணி 18.3 ஓவரில் 143 எடுத்து ஜெயித்துவிட்டது. தோற்ற அணிக்கு 142-ஐ 20-ஆல் வகுத்தால் 7.1. எதிரணிக்கு 143-ஐ 18.3-ஆல் வகுக்கக் கூடாது. 18.3 ஓவர் என்றால் 18 ஓவரும் 3 பந்தும்; ஓவருக்கு 6 பந்து, ஆகவே பதினெட்டரை. 143-ஐ 18.5-ஆல் வகுத்தால் 7.73 அளவு. 7.1-இலிருந்து இதைக் கழித்தால் −0.63. புள்ளி 3 என்று எழுதியிருந்தும் அது பத்தில் மூன்று இல்லை, ஆறில் மூன்று என்று கண்டுபிடிப்பதற்குள் பின்னம், தசமம், குறை எண் மூன்றும் ஒரே கணக்கில் வந்துவிடுகின்றன.

இதெல்லாம் எதற்குப் பயன்படும் என்று பெற்றோர் கேட்பார்கள். நம் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு ரயில்வே வேலை என்றால் பெரிய கனவு. காட்பாடி, ஜோலார்பேட்டை, அரக்கோணம் என்று எல்லாமே ரயில் ஊர்கள். ரயில்வே தேர்வில் சரியான விடைக்கு 1 மதிப்பெண், தவறான விடைக்கு −1/3. எங்கள் தெருவில் தயாராகிற ஓர் இளைஞர், “தெரியாத 20 கேள்விக்கும் ஏதாவது ஒன்றைக் குறித்துவிட்டு வரலாமா?” என்று கேட்டார். நான்கு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாக நான்கில் ஒன்று சரியாகும். 20-இல் 5 சரி, 15 தவறு. 5 + 15 × (−1/3) = 5 − 5 = 0. மொத்தத்தில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் நான்கில் ஒரு விடை நிச்சயம் தவறு என்று தெரிந்து அதை நீக்கிவிட்டால் மூன்றில் ஒன்று சரியாகும். அப்போது ஒரு கேள்விக்குக் கிடைப்பது 1/3 − 2/3 × 1/3 = 1/9. சிறிய எண்தான், ஆனால் மிகை. பட்டப்படிப்பு முடித்த அவருக்கு 15 × (−1/3) போடக் கை தயங்கியது. ஏழாம் வகுப்பில் மனப்பாடம் செய்த வரி ஞாபகம் இருந்தது, எங்கே பயன்படுத்துவது என்று தெரியவில்லை.

பள்ளி ஆசிரியர்களை நான் குறை சொல்ல வரவில்லை. பாடம் முடிக்க வேண்டிய நெருக்கடி அவர்களுக்கு இருக்கிறது, ஒரு வகுப்பில் எத்தனையோ பிள்ளைகள் இருக்கிறார்கள். சுருக்கமாக ஒரு வரி கொடுத்தால் தேர்வில் நான்கு பேர் தேறுவார்கள் என்ற நல்ல எண்ணம்தான் அதற்குப் பின்னால் இருக்கும். உங்கள் பக்கத்தைத் தயாரித்தவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் செய்தித்தாளுக்கு அந்த நெருக்கடி இல்லை. ஒரு வாரம் முழுக்க முழுக்களுக்கே கொடுக்க உங்களால் முடியும்.

ஆகவே கேட்பது இதுதான். அந்தக் கட்டத்தை மறுபடியும் போடுங்கள், ஆனால் மூன்றாகப் பிரித்துப் போடுங்கள். ஒன்று, கடனோடு கடனைக் கூட்டினால் கடன் பெருகும்: −3 + (−5) = −8. இரண்டு, கடனைக் கழித்தால் நிலைமை உயரும்: −3 − (−5) = 2. மூன்று, குறையைக் குறையால் பெருக்கினால் மிகை: (−3) × (−5) = 15. மூன்றாவதற்குப் பக்கத்தில் 3 × (−5), 2 × (−5), 1 × (−5), 0 × (−5) என்று பெருக்கும் எண் ஒவ்வொன்றாகக் குறையும் வரிசையையும் விடைகளோடு அச்சடித்து, அடுத்த வரியைக் காலியாக விடுங்கள். பிள்ளைகளே நிரப்பட்டும். கீழே ஒரு எண்கோடு வரைந்து −1/2, −1/3, −5/12 மூன்றையும் குறிக்கச் சொல்லுங்கள். விடையை அடுத்த வாரம் காரணத்தோடு வெளியிடுங்கள்.

இன்னொன்று. மாணவர் பக்கத்துக்குக் கணக்குகள் வேண்டுமென்றால் தறிக்கூலி, முன்பணம், நிகர ரன் விகிதம், ரயில்வே தேர்வு, காவலூர் விண்மீன்கள் என்று எங்கள் திண்ணையில் பிள்ளைகள் போட்டுப் பார்த்த கணக்குகள் ஒரு நோட்டு நிறைய இருக்கின்றன. பிரதி எடுத்து அனுப்பத் தயாராக இருக்கிறேன். பணம் எதுவும் வேண்டாம். திருத்திய கட்டம் வெளியாகும் நாளை முன்கூட்டியே தெரிவித்தால், பேப்பர் வாங்காத வீட்டுப் பிள்ளைகளுக்கும் சேர்த்து இங்கே பத்து பிரதி சொல்லி வைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
நெசவுக் கணக்கு எழுதும் ஒரு வாசகி,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.